களம் புகுமுன் அறியவேண்டிய வலி

பாடசாலைகளுக்கிடையிலான சம்பியன் போட்டி அணுகும் காலத்தில், கண்டி நகரத்திலே புதியதொரு சோதிடம் தோன்றிவிடும். எந்தக் கல்லூரிப் பெண்கள் கிண்ணத்தோடு திரும்புவர், எந்தக் கல்லூரிப் பெண்கள் முதற் சுற்றிலேயே திரும்புவர் என்று பஸ் தரிப்பிலும் ஆசிரியர் ஓய்வறையிலும் பலன் சொல்வோர் பலர். சோதிடருக்குக் கிரகநிலை எப்படியோ, இவர்களுக்குப் 'போர்ம்' அப்படி. "அந்த அணி நல்ல போர்மில் இருக்கிறது, இந்த அணிக்கு இம்முறை போர்ம் இல்லை" என்று சொல்லிவிட்டாற் காரியம் முடிந்தது. பிறகு ஆடுவது வெறுஞ் சடங்கு.

தமிழ்ப் பண்டிதனுக்குப் பந்தோடு என்ன உறவு என்று சிலர் வினவுவர். உறவு பழையது. சிலப்பதிகாரத்து வாழ்த்துக் காதையிலே கந்துகவரி உண்டு. சீவகசிந்தாமணியில் விமலை பந்தாடுகிறாள். திருக்குற்றாலக் குறவஞ்சியில் வசந்தவல்லி பந்தாடுகிறாள். இவற்றுக்கெல்லாம் மேலாகக் கொங்குவேளிர் செய்த பெருங்கதையிலே பதுமாபதியின் ஆயத்து மகளிரும் வாசவதத்தையின் ஆயத்து மகளிரும் போட்டியிட்டுப் பந்தாடுகின்றனர். கோசலத்து மானனீகை முடிவில் எல்லாரினும் மேம்படுகிறாள். இரு கட்சி, எண்ணிக்கை, வெற்றி என்னும் மூன்றும் அங்கே உள. மகளிர் அணிகள் மோதும் ஆட்டம் தமிழ் படித்தவனுக்குப் புதுமை அன்று.

ஒரு குறையையும் ஒளியாது சொல்லவேண்டும். நம் காப்பியப் புலவரின் கண் பந்தின் மேல் நெடுநேரம் நில்லாது. அது கூந்தலுக்குப் போகும், வளைக்குப் போகும், இடைக்குப் போகும். பந்தடியைக் கண்ட உதயணன் கண்டதும் திறமையை மாத்திரம் அன்று. ஆடுபவள் எப்படித் தோன்றுகிறாள் என்பதே பெரிதாயிற்று. எப்படி ஆடுகிறாள் என்பது சிறிதாயிற்று. நாமும் இன்றுவரை அந்தப் பழக்கத்தை முற்றாக விட்டோமல்லோம். பெண் பிள்ளைகளின் ஆட்டத்தைப் பற்றி நாம் பேசும் பேச்சிற் பாதி உடையைப் பற்றியது.

இனிப் 'போர்ம்' என்னும் சொல்லுக்கு வருவோம். அதனை உருவம் என்றும் வடிவம் என்றும் பெயர்ப்பது பொருந்தாது. நம் வீட்டு அடுக்களையில் அதற்கு நேரான சொல் கிடக்கிறது. பதம் என்பதே அச்சொல். சோறு பதமாயிற்று என்கிறோம். பாகு பதமாயிற்று என்கிறோம். மழை பெய்து ஓய்ந்த மறுநாள், நிலம் உழுவதற்குப் பதமாயிருக்கிறது என்கிறோம். பதம் என்பது பொருளின் இயல்பு மாத்திரம் அன்று. அரிசி உயர்ந்த அரிசியாயிருக்கலாம். உலைநீர் கொதிக்கவேண்டும், விறகு உலர்ந்திருக்கவேண்டும், அடுப்பருகே ஓர் ஆள் இருக்கவேண்டும். இவையெல்லாம் கூடியபோது பிறப்பது பதம். வெந்த சோற்றைப் பார்த்து அரிசியை மாத்திரம் புகழ்வதும், வேகாத சோற்றைப் பார்த்து அரிசியை மாத்திரம் இகழ்வதும் அறியாமை. கண்டியிலே பெண்கள் கல்லூரி அணிகளைப் பற்றி நாம் செய்துகொண்டிருப்பது இந்த அறியாமையே என்பது என் கருத்து.

போர்க்களம் புகுமுன் அரசன் எதனை அறியவேண்டும் என்று வள்ளுவர் அதிகாரம் வகுத்துச் சொன்னார். வலியறிதல் 48ஆம் அதிகாரம். காலமறிதல் 49ஆவது. இடனறிதல் 50ஆவது. வலியை நான்காகப் பகுத்தார். எடுத்த செயலின் வலி ஒன்று. தன்னுடைய வலி ஒன்று. எதிர்த்து நிற்பவனுடைய வலி ஒன்று. துணைநிற்பாருடைய வலி ஒன்று. நம்மூர்ப் பந்துச் சோதிடர் இந்நான்கில் இரண்டாவதை மாத்திரமே எடை போடுகின்றனர். மற்றை மூன்றும் அவர்களுடைய தராசில் ஏறுவதில்லை. ஆதலால் நான்கையும் முறையே நோக்குவோம்.

முதலாவது, வினையின் வலி. பெண்கள் ஆடும் இவ்வாட்டம் எத்தகையது? கூடைப்பந்தும் வலைப்பந்தும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள். 1891ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில், அமெரிக்காவிலே மசச்சூசெற்ஸ் மாநிலத்து ஸ்பிரிங்ஃபீல்ட் நகரில், ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்னும் ஆசிரியர் பனிக்காலத்தில் மாணாக்கர் உள்ளரங்கில் ஆடுதற்கென்று கூடைப்பந்தை வகுத்தார். பீச் பழக்கூடை இரண்டை உயரத்தில் அறைந்து, 13 விதிகளை எழுதிச் சுவரில் ஒட்டினார். அடுத்த ஆண்டே, அயலிலுள்ள ஸ்மித் மகளிர் கல்லூரியில் செண்டா பெரன்சன் என்னும் ஆசிரியை அதனைப் பெண்களுக்குக் கற்பித்தார். ஆடுகளத்தை மூன்று பகுதியாகப் பிரித்து, அவரவர் தத்தம் பகுதியிலேயே ஆடவேண்டும் என்றும், பிறர் கையிலுள்ள பந்தைப் பறித்தலாகாது என்றும் விதி செய்தார். 1893ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் அக்கல்லூரியிலே இரு வகுப்பு மாணவியர் மோதிய ஆட்டத்தைக் காண ஆடவர் அனுமதிக்கப்படவில்லை. பெண் பந்தாடுவதை ஆண் காணலாகாது என்ற எண்ணம் கீழைநாட்டார்க்கே உரியது என்று கருதுவோர் இதனை நினைக்க.

இவ்வாட்டம் இங்கிலாந்துக்குச் சென்று, அங்கே வேறுபட்டு, 1901இல் விதிநூல் பெற்று வலைப்பந்தாயிற்று. ஆங்கிலேயர் ஆண்ட நாடுகளுக்கெல்லாம் பெண் பாடசாலைகளின் வழியே பரந்தது. இலங்கையில் அது முதலில் வந்திறங்கிய ஊர் எது? கொழும்பு என்று நினைப்பீர்கள். அன்று. 1921ஆம் ஆண்டில் கண்டிப் பெண்கள் உயர்தரப் பாடசாலையிலே பெண் சாரணியர் ஆடியதே இந்நாட்டின் முதல் வலைப்பந்தாட்டம் என்று வரலாறு கூறும். வெஸ்லியன் மிஷனார் 1879இல் நிறுவிய பாடசாலை அது. இந்நாட்டுப் பெண் சாரணியம் 1917இல் தொடங்கியதும் அங்கேயே. ஒரு நூற்றாண்டுக்கு மேலாக இந்த ஆட்டம் நம் ஊருக்கு உரியது. கண்டி என்றால் றக்பி, கண்டி என்றால் கிரிக்கெட் என்று சொல்லிப் பழகிய வாய்க்கு இதனையும் சொல்லிக் கொடுத்தல் வேண்டும்.

வலைப்பந்தின் விதிகளைச் சிறிது உற்று நோக்குக. அணிக்கு எழுவர். பந்தைக் கையில் வாங்கியவள் அதனோடு ஓடலாகாது. மூன்று நொடிக்குள் அது அவள் கையை விட்டு நீங்கவேண்டும். களத்தின் மூன்றில் ஒரு பாகத்தை ஒருவரும் தொடாமற் பந்து கடந்து செல்லலாகாது. வளையத்தில் எய்யும் உரிமை இருவருக்கே உண்டு. எஞ்சிய ஐவரும் ஆட்டம் முழுவதும் ஓடி வியர்த்தாலும் அவர்கள் பெயரில் ஒரு கோல்தானும் எழுதப்படாது. கூடைப்பந்திலே ஐவரும் எய்யலாம். பந்தைத் தட்டிக்கொண்டு ஓடலாம். தனியொருத்தியின் ஆற்றல் சிறிது நேரம் அணியைச் சுமக்கலாம். வலைப்பந்திலே அதுவும் இயலாது. கொடுப்பதும் வாங்குவதுமே ஆட்டம். இதுதான் அந்த வினையின் வலி. துணை இல்லாதவள் இங்கே மூன்று நொடிக்கு மேல் நிற்க முடியாது.

இரண்டாவது, தன் வலி. இதனைத்தான் நாம் 'போர்ம்' என்று கொண்டாடுகிறோம். தொடர்ந்து எத்தனை ஆட்டம் வென்றார்கள் என்று எண்ணுகிறோம். இதற்கோர் அளவுகோல் வேண்டுமானால் அமெரிக்கக் கல்லூரி மகளிர் கூடைப்பந்தை நோக்கலாம். கனெக்டிகட் பல்கலைக்கழகத்து மகளிர் அணி 2013 முதல் 2016 வரை நான்கு ஆண்டும் தொடர்ந்து தேசிய சம்பியன் பட்டம் பெற்றது. 2014 நவம்பரில் ஒருமுறை தோற்றபின், 111 ஆட்டங்களை இடைவிடாது வென்றது. பதம் என்றால் இதனினும் மேலான பதம் உலகில் எங்கே உண்டு? அந்த அணி 2017ஆம் ஆண்டு மார்ச் 31ஆம் திகதி அரையிறுதியில் மிசிசிப்பி மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சந்தித்தது. மேலதிக நேரத்தின் கடைசி நொடியில், மோர்கன் வில்லியம் என்னும் ஐந்தடி ஐந்தங்குலப் பெண் எய்த பந்து கூடையில் விழுந்தது. 66க்கு 64. நூற்றுப் பதினொரு வெற்றியும் அந்த ஒரு பந்துக்குத் தடுப்பாகவில்லை.

ஒருத்தியின் வலி வேறு, அணியின் வலி வேறு என்பதற்குச் சான்று தேடிக் கடல் கடக்க வேண்டியதில்லை. யாழ்ப்பாணத்துப் புன்னாலைக்கட்டுவனைச் சேர்ந்த தர்ஜினி சிவலிங்கத்தைத் தமிழர் யாவரும் அறிவர். ஆறடி பத்தங்குல உயரம்; கைக்குப் பந்து வந்தாற் கோல் என்று சொல்லத்தக்க குறி. 2019இல் லிவர்பூலில் நடந்த உலகக் கிண்ணப் போட்டியிலே 348 கோல்கள் எய்து, எல்லா நாட்டாரிலும் மிகுதியாக எய்தவர் அவரே. இலங்கை அணியின் இடமோ 16 நாடுகளிற் பதினைந்தாவது. இதனால் அவருடைய புகழ் குறையாது. ஆனால் எய்பவளின் எண்ணிக்கையை மாத்திரம் பார்த்து அணியின் பதத்தைச் சொல்வது எத்துணைப் பிழை என்பது விளங்கும். பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்னும் பழமொழி பானைக்குப் பொருந்தும், அணிக்குப் பொருந்தாது. எழுவரில் ஒருத்தி வெந்திருக்க, மற்றவர் வேகாதிருத்தல் கூடும்.

மூன்றாவது, மாற்றான் வலி. நாம் நம்மையே பார்த்துக்கொண்டிருக்கும்போது எதிரி உறங்கிக்கொண்டிருப்பதில்லை. மேலே சொன்ன மிசிசிப்பி அணி, அதற்கு முந்திய ஆண்டு, 2016 மார்ச்சிலே, அதே கனெக்டிகட் அணியிடம் 98க்கு 38 என்று 60 புள்ளியாற் தோற்ற அணி. அறுபது புள்ளித் தோல்வியை ஓராண்டில் இரண்டு புள்ளி வெற்றியாக மாற்றினர். அப்படி மாற்றியவர்களும் இறுதியாட்டத்தில் தென் கரோலினாவிடம் தோற்றனர். நம் நாட்டுக் கதையும் இதுவே. ஆசிய வலைப்பந்துச் சம்பியன் போட்டியின் இறுதியாட்டத்தில் இலங்கை 2018இல் சிங்கப்பூரை 69க்கு 50 என்று வென்றது. 2022இல் 63க்கு 53 என்று வென்று ஆறாவது முறையாகப் பட்டம் பெற்றது. 2024இல் பெங்களூரில் 67க்கு 64 என்று சிங்கப்பூர் வென்றது. பத்தொன்பது பத்தாகிப் பின் எதிர்ப்புறமாக மூன்றாயிற்று. முதல் இரு வெற்றியையும் கொண்டாடிய நாம், வெற்றியின் அளவு சுருங்கியதைக் கணக்கிட்டோமா? பதம் பார்ப்பவன் வென்றதை மாத்திரம் அன்று, எவ்வளவால் வென்றோம் என்பதையும் பார்க்கவேண்டும்.

நான்காவது, துணை வலி. இக்கட்டுரை எழுந்தது இதன்பொருட்டே.

நான் மாணவியர்க்குத் தமிழ் கற்பிப்பவன். பந்தாட்டம் கற்பிப்பவன் அல்லன். ஆயினும் போட்டிக்கு முந்திய கிழமைகளில் என் வகுப்பிலே நிகழும் மாற்றத்தை ஆண்டுதோறும் காண்கிறேன். தவணைத் தொடக்கத்தில் அணியில் இருந்த பிள்ளைகளுள் இருவர் மூவர் போட்டி நெருங்கும்போது அணியில் இருப்பதில்லை. கால் முறிந்ததோ? இல்லை. திறமை குன்றியதோ? இல்லை. வீட்டிலே நிறுத்திவிட்டார்கள். க.பொ.த. சாதாரண தரம் வருகிறது. அல்லது உயர்தரம் வருகிறது. அல்லது பிள்ளை வளர்ந்துவிட்டாள். நிறுத்தப்படுபவள் பெரும்பாலும் நடுக்களத்தில் ஆடுபவள். பெயர் வெளியே தெரியாதவள். எய்பவளை நிறுத்தினாற் பாடசாலை முழுவதும் திரண்டு வீட்டுக்குப் போகும். கொடுத்து வாங்குபவளை நிறுத்தினாற் கேட்பார் இல்லை. மறுகிழமை அணி தடுமாறும். ஊரார், "போர்ம் போய்விட்டது" என்பர். போர்ம் எங்கே போயிற்று? ரியூசன் வகுப்பிலே உட்கார்ந்திருக்கிறது.

கலகாப் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து வந்த தந்தையார் ஒருவர் என்னிடம் சொன்னார்: "மாஸ்டர், நான் பந்து வேணாம்னு சொல்லலீங்க. மூணு மணிக்குப் பொறகு விளையாடினா கடைசி பஸ்ஸுக்கு ஓடணும். பஸ்ஸ விட்டா புள்ள எப்படி வரும்? படிச்சு ஒரு வேலைக்குப் போகட்டும், அப்புறம் விளையாடட்டுமே." அவர் சொன்னதில் ஆணவமும் இல்லை, பழமைப் பிடிவாதமும் இல்லை. மலைப்பாதையில் இருட்டிய பின் நடந்துவரும் மகளைப் பற்றிய அச்சமே இருந்தது. அவ்வச்சத்துக்கு விடைகூறக் கடமைப்பட்டவர்கள் பாடசாலையாரும் ஊராரும். நாம் விடை கூறவில்லை. பிள்ளையை விடும்படி அவருக்கு உபதேசம் செய்தோம். உபதேசத்தில் ஏறிக்கொண்டு ஒரு பெண் தோட்டத்துக்குப் போய்ச் சேர முடியாது.

பரீட்சையைப் பற்றிய கவலையையும் நான் இகழேன். இந்நாட்டிலே பல்கலைக்கழக வாயில் ஒடுக்கமானது. தோட்டத்துப் பெண்ணுக்கு அது பின்னும் ஒடுக்கமானது. ஆயினும் ஒன்று கேட்கிறேன். அதே பரீட்சைக்கு ஆண் பிள்ளைகளும் தோற்றுகின்றனர். றோயல் கல்லூரியும் திரித்துவக் கல்லூரியும் 1945 முதல் மோதிவரும் பிறாட்பி கேடய றக்பி ஆட்டத்துக்கு ஊர் எவ்வளவு திரள்கிறது! அந்த நாளில், படிப்புக் கெடுகிறது என்று சொல்லி அணியிலிருந்து மகனை அழைத்துச் செல்லும் தந்தையைக் கண்டியிலே நான் கண்டதில்லை. விளையாட்டு மகனுக்கு வருங்காலத்தைத் திறக்கும் கதவு என்கிறோம். மகளுக்கு வருங்காலத்தை அடைக்கும் கதவு என்கிறோம். கதவு ஒன்றுதானே? நம் ஊர்த் தமிழ்ப் பிள்ளை முரளிதரன் கண்டிப் புனித அந்தோனியார் கல்லூரியிற் பந்து வீசப் பழகி, 2010ஆம் ஆண்டிலே 800ஆவது ரெஸ்ட் விக்கெட்டை வீழ்த்தினார் என்று பெருமை பேசுகிறோம். அவருக்கு வேண்டிய மாலை நேரத்தை அவருடைய வீடு கொடுத்திராவிட்டால் அப்பெருமை நமக்கு ஏது? அத்தகைய மாலை நேரம் மறுக்கப்பட்ட பெண்கள் எத்தனை பேர் என்று எண்ணுவதற்கு ஏடு இல்லை. ஆடாத ஆட்டத்துக்குப் புள்ளி எழுதுவார் யார்?

இன்னொரு துணை நிலம். கண்டியிலே சமநிலம் என்பது மலையை வெட்டி எடுத்த நிலம். வலைப்பந்துக்கு வேண்டியது நூறடி நீளமும் ஐம்பதடி அகலமும். றக்பித் திடலின் ஒரு மூலைக்குள் அது அடங்கிவிடும். அந்தச் சிறு நிலமும் இல்லாத பாடசாலைகள் மலைப்புறத்திலே பல. இருக்கும் நிலமும் பெரும்பாலும் மண் தரை. பாடசாலை பகல் ஒன்றரை மணிக்கு விடுகிறது. ஒக்டோபர், நவம்பர் மாதங்களில் மழை அதன்பின் நெடுநேரம் காத்திருப்பதில்லை. சேற்றிற் கால் ஆழ்ந்த யானையை நரியும் கொல்லும் என்று இடனறிதலிலே வள்ளுவர் காட்டினார். மழைக்காலம் முழுவதும் சேற்றில் நின்று பழகிய பிள்ளைகளைக் கொண்டுபோய், வழவழப்பான உள்ளரங்கிலே, அத்தரையிற் பிறந்தது போல் ஆடும் தலைநகர அணியோடு நிறுத்திவிட்டு, "கடைசி நேரத்திற் சறுக்கிவிட்டார்கள்" என்று எழுதுகிறோம். சறுக்காமல் வேறென் செய்வர்?

துணைவலி என்பது வெறும் அன்புரை அன்று. அஃது ஆக்கப்படும் பொருள். அமெரிக்காவிலே 1972இல் ஒரு சட்டம் இயற்றினர். அரசின் பணம் பெறும் கல்வி நிலையங்களிற் பெண் என்னும் காரணத்தால் எவரையும் விலக்கலாகாது என்பது அதன் கருத்து. விளையாட்டும் அதனுள் அடங்கிற்று. ஆடவர் கல்லூரிகளின் தேசியக் கூடைப்பந்துப் போட்டி 1939இல் தொடங்கியது. அதே சங்கம் மகளிர்க்கென்று நடத்தும் போட்டி 1982இலேதான் தொடங்கியது. 2024இலே மகளிர் இறுதியாட்டத்தில் தென் கரோலினா அயோவாவை 87க்கு 75 என்று வென்றபோது, அதனைத் தொலைக்காட்சியிற் கண்டவர் தொகை சராசரி 18.9 மில்லியன், அவ்வாண்டு ஆடவர் இறுதியாட்டத்தைக் கண்டவர் 14.8 மில்லியன். ஆடவர் காணலாகாது என்று கதவு அடைத்த நாட்டிலே இம்மாற்றம் நிகழ்ந்தது. திறமை 1972இல் வானத்திலிருந்து விழவில்லை. அதற்கு முன்னும் இருந்தது. அதற்கு அடுப்பும் விறகும் அப்போதுதான் கிடைத்தன.

நமக்குச் சட்டம் வேண்டும் என்று நான் சொல்லவில்லை. கண்டியிலே இத்தவணையே செய்யக்கூடியவை சில உள. போட்டி நாட்களையும் பயிற்சி நாட்களையும் தவணைத் தொடக்கத்திலேயே அச்சிட்டுப் பெற்றோர் கையிற் கொடுக்கலாம். இறுதி நேரத்து அழைப்பே பாதி வீட்டுச் சண்டைக்குக் காரணம். தோட்டப் பிள்ளைகள் திரும்புவதற்குப் பயிற்சி நாட்களில் ஒரு வாகனம் ஒழுங்கு செய்யலாம். பழைய மாணவர் சங்கங்கள் ஆண்டுக்கொருமுறை அளிக்கும் விருந்தொன்றின் செலவில் இதன் பெரும்பகுதி நிறைவேறும். வெளியூர்ப் போட்டிக்குப் பெண் ஆசிரியர் ஒருவர் உடன் செல்வதை வழக்கமாக்கலாம். பரீட்சைக்குத் தோற்றும் மாணவிக்குப் பயிற்சியைக் குறைக்கலாம். முற்றாக நிறுத்த வேண்டியதில்லை. அவள் இழந்த பாடத்தை மறுநாள் கற்பித்தல் எம்போன்ற ஆசிரியர் கடமை. போட்டிக்குப் போன குற்றத்துக்காக மாணவியை வகுப்பிலே நிறுத்திவைத்து ஏளனம் செய்தல் ஆசிரியத் தொழிலுக்கு இழுக்கு.

பாடசாலைகளுக்கும் ஒரு சொல். கிண்ணம் வேண்டும் என்னும் வேட்கையாற் சிறு பாடசாலையில் வளர்ந்த உயர்ந்த பிள்ளையைப் பெரிய பாடசாலை கவர்ந்து கொள்வதைத் துணைவலி என்று நான் சொல்லேன். அஃது அயலான் அடுப்பிலிருந்து கொள்ளி எடுப்பது. ஓர் அணி எழுகிறது. ஓர் அணி அணைகிறது. ஊரின் மொத்தப் பதம் ஏறுவதில்லை. அவ்வாறே, முதல் எழுவருக்கு மாத்திரம் பயிற்சி கொடுத்து மற்றவர்களைப் பந்து பொறுக்க விடுவதும் கேடு. நடுக்களத்துப் பிள்ளையை வீட்டார் நிறுத்திய கிழமையில் அந்தக் கேடு வெளிப்படும்.

எல்லாவற்றினும் எளிய துணை ஒன்று உண்டு. போய்ப் பார்த்தல். பெண்கள் ஆட்டம் நடக்கும் பிற்பகலில் களத்தைச் சுற்றி நிற்பவர் யார்? எதிரணி மாணவியர், இரண்டு ஆசிரியைகள், வாயிற் காவலர். தந்தையர் மிக அரியர். தன் மகள் எந்த இடத்தில் ஆடுகிறாள் என்பதை அறியாத தந்தைக்கு அவளை அணியிலிருந்து நிறுத்துதல் எளிது. ஒருமுறை வந்து, பந்தை வாங்கிய மூன்று நொடிக்குள் அவள் நாற்புறமும் நோக்கி, சரியான தோழியைத் தேர்ந்து, சரியான உயரத்தில் எறிவதைக் கண்டவர், இது படிப்புக்குப் பகை என்று சொல்லத் தயங்குவார். கணக்கிலும் இலக்கணத்திலும் நாம் பயிற்ற முயல்வதும் அந்தத் தெளிவைத்தானே?

சம்பியன் போட்டியில் எந்த அணி வெல்லும் என்று என்னைக் கேட்பவர்களுக்கு நான் சொல்லக்கூடியது இதுவே. அந்த அணியின் கடந்த வெற்றிகளை எண்ணுவதை நிறுத்துங்கள். தவணைத் தொடக்கத்தில் அணியில் எத்தனை பெயர் இருந்தன, இன்று எத்தனை பெயர் இருக்கின்றன என்று கேளுங்கள். பயிற்சி முடிந்து அவர்கள் எப்படி வீடு செல்கிறார்கள் என்று கேளுங்கள். மழை பெய்தால் எங்கே ஆடுகிறார்கள் என்று கேளுங்கள். அவ்விடைகள் நல்லனவாயின் அந்த அணி பதமாயிருக்கிறது; அது தோற்றாலும் அடுத்த ஆண்டு வரும். அவ்விடைகள் தீயனவாயின், அது வென்றாலும் அந்த வெற்றி அப்பிள்ளைகளுக்கே உரியது. அதிற் பங்கு கேட்க நமக்கு உரிமை இல்லை.